என்ஜினை மாற்றுமுன் பிரேக்கைப் பார்!



1964-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம், நடுத்தரக் கார் ஒன்றில் 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) வி-8 என்ஜினைப் பொருத்தி ‘ஜி.டி.ஓ.’ என்று விற்றது. ‘மசில் கார்’ மோகம் அதன்பின் வேகமாகப் பரவியது. நம் பக்கத்தில் அதே ஆசை, பழைய அம்பாசிடருக்குப் பெரிய என்ஜின் போடுவது!

என் அப்பா திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான் முதல். எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசிடர் சிறுமலை ஏற்றத்தில் திணறி, புகை கக்கியது. “படிக்கிறவன் நீ. என்ன செய்யலாம்னு சொல்லு” என்றார் அப்பா. அவர் சேர்த்த பணம் முழுவதும் என் பதிலை நம்பி நின்றது.

நோட்டை எடுத்தேன். வகுப்பில் படித்த சூத்திரம்தான்:

கொள்ளளவு = (π/4) × போர்² × ஸ்ட்ரோக் × சிலிண்டர் எண்ணிக்கை

பழைய என்ஜின்: போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., 4 சிலிண்டர். விடை 1489 சி.சி. ரீபோர் செய்து 1 மி.மீ. கூட்டினால் 1530 சி.சி. கூடுவது 41 சி.சி. மட்டுமே! பிற்கால அம்பாசிடரில் வந்த இசுசூ என்ஜினோ 84 × 82 மி.மீ., அதாவது 1817 சி.சி. 22 சதவீதம் அதிகம். “இசுசூதான்ப்பா!” என்றேன் பெருமையாக.

அப்பா கேட்டார்: “ஏம்ப்பா, ஓடுறதுக்குக் கணக்குப் போட்டுட்ட. நிக்கிறதுக்கு?”

எனக்குப் பேச்சு வரவில்லை. இயக்க ஆற்றல் = ½mv². வேகம் 60-லிருந்து 80 கி.மீ. ஆனால் ஆற்றல் 1.78 மடங்கு. அத்தனையும் பிரேக்கில் வெப்பமாக மாற வேண்டும். எங்கள் காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்தால் பெடல் கீழே போகும், பிடிப்பு குறையும். மேலும் வேறு என்ஜின் என்றால் கியர்பாக்ஸ், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் ஒத்துவர வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்துக்கு மாறாக நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

முடிவில் பழைய என்ஜினையே ரீபோர் செய்து, புது பிஸ்டன், ரிங் போட்டோம். தேய்ந்த போரில் கசிந்த கம்ப்ரஷன் திரும்பியது. இழந்த சக்தியும் திரும்பியது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக் லைனிங் மாற்றினோம். மிச்சப் பணம் என் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆனது.

இப்போதும் சிறுமலையில் வண்டி மெதுவாகத்தான் ஏறுகிறது. ஆனால் புகையில்லை, இறங்கும்போது பயமுமில்லை.

தோழர்களே, சூத்திரம் நமக்குத் தெரியும். எதற்குப் போட வேண்டும் என்பதை ஸ்டீயரிங் பிடித்தவரிடமும் கேட்போம்!