உளிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

இந்த மாத வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பால்வெட்டு உளி. சிரிக்காதீர்கள். ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம் வைத்து நம் பாட்டிமார் கும்பிட்ட கருவி அது. இன்று சுங்கை சோவில் எத்தனை வீடுகளில் அது இருக்கிறது? எங்கள் வீட்டில் இல்லை. லயத்தைக் காலி செய்து தாமான் வீட்டுக்கு வந்தபோது வாளி, காண்டா, உளி எல்லாவற்றையும் பழைய இரும்பு வாங்குபவரிடம் நாங்களே போட்டுவிட்டோம்.

கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவத்தி குன்றின் மேல் ஒரு மாவட்ட அரும்பொருளகம் இருக்கிறது. குரங்குகளுக்குத் தீனி கொடுக்கப் போகிற நாம் அதற்குள் எட்டிப் பார்ப்பது குறைவு. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை, 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் என்று அந்தக் குன்றே ஒரு பாடம்தான்.

அங்கிருந்து உள்ளே போனால் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்தப் பக்கம் தென்னமரம் என்று ஒரு தோட்டம். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை பயிரிட்டார். நம் நாட்டில் வணிகத்துக்காகப் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. நாட்டின் செம்பனை வரலாறு தொடங்கும் இடத்துக்குத் தமிழ்ப் பெயர்! துரையின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கன்று நட்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? அதை நம் வீடுகளில்தான் தேட வேண்டும். கங்காணி கூட்டி வந்து இறக்கிய தலைமுறை இப்போது நம்மிடையே இல்லை. 1938-இல் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கும் இப்போது எண்பது வயதாகிறது.

இந்த எண்ணத்தில்தான் எங்கள் மன்றம் கோயில் மண்டபத்தில் சும்மா கிடந்த கண்ணாடி அலமாரியைக் கேட்டு வாங்கியது. மூன்று மாதத்துக்கு ஒரு தலைப்பு. முதல் தலைப்பு, 'பெரட்டு முதல் ஸ்டோர் வரை'.

ஏன் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்? முதல் காரணம் நமக்கே தெரியும். கொலு ஆண்டு முழுக்க வீட்டில் இருந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? எப்போதும் ஒரே பொருள் இருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது காரணம் ஒளி. துணி, காகிதம், பழைய புகைப்படம் ஆகியவற்றை ஒளி மெல்ல மெல்ல வெளுக்க வைக்கும். வெளுத்தது திரும்பி வராது. அதனால் இத்தகைய பொருள்களுக்கு 50 லக்ஸ் ஒளி போதும் என்பது அரும்பொருளகங்களில் வழக்கமான அளவு. கணக்குப் போடுவோம். நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் என்றால் 50 × 8 × 90 = 36,000 லக்ஸ்-மணி. நடுப்பகல் நேர் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். மூன்று மாதத்தில் பட வேண்டிய ஒளி வெயிலில் 22 நிமிடத்திலேயே பட்டுவிடும்! எனவே சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தாத்தாவின் கல்யாணப் படம் என்றால் நகல் எடுத்து நகலை மட்டும் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூசணம் வேறு பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. இனிமேல் சொல்வதை ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய உளியை வைத்து, 'பழங்காலத்து ரப்பர் வெட்டும் கத்தி' என்று நானே அழகாக அச்சடித்து ஒட்டினேன். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்த பாட்டி ஒருவர் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கத்தின்னு யாருப்பா எழுதினது? இது உளி. கத்தி வெட்டும், இது பட்டையச் சீவும். ஆழமா போனா மரத்துக்குக் காயம், நமக்குத் தண்டல்கிட்ட திட்டு."

அலமாரியைத் திறந்து உளியைக் கொடுத்தேன். கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனது, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டது, மங்கு மங்காகப் பால் எடுத்தது எல்லாம் சொன்னார். ஏன் அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று கேட்டேன். "வெயில் ஏறினா பால் ஓடாது தம்பி" என்றார். காலைக் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம். அப்போதுதான் பால் நன்றாக வடியும். நான் புத்தகத்தில் படிக்கும் அழுத்தக் கணக்கை அவர் தினமும் செய்து பார்த்திருக்கிறார்.

அன்று இரவே அட்டையை மாற்றினேன். இப்போது அதில் பாட்டியின் பெயரும் அவர் சொன்ன வார்த்தைகளும் இருக்கின்றன. அடுத்த வாரம் தன் பேத்தியைக் கூட்டி வந்து காட்டினார். 'பழங்காலத்து' என்று நான் எழுதியது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்து மனுஷி என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே நண்பர்களே, எந்தப் பொருளுக்கும் அட்டை எழுதுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் பயன்படுத்தியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? யார் கையில் இருந்தது? அதைக் கொண்டு எப்படி வேலை செய்தார்கள்? இரவல் வாங்கினால் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். அப்போதுதான் அடுத்த வீடும் கொடுக்கும்.

பயிற்சி: அடுத்த வகுப்புக்கு முன் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு பொருளைப் பற்றி இந்த மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை அவர் பேச்சிலேயே எழுதி வாருங்கள். பொருளைக் காயலானுக்குப் போட்டுவிட்டோமே என்று தயங்க வேண்டாம். எங்கள் வீட்டு உளியும் போய்விட்டது. ஆனால் அதைப் பிடித்த என் பாட்டி இருக்கிறார். இந்த வாரம் நான் கேட்கப் போவது அவரிடம்தான்.