ஒரு மணி நேரமா, ஒரு நாளா?

கேள்வி: எங்கள் அம்மாயியின் தங்கை 1972இல் ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போனவர். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். அவருடைய பேத்தி கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும். திருச்சிக்கு எவ்வளவு தூரம், பிளேனில் எவ்வளவு நேரம்? ஒருவர் ஒரு மணி நேரம் என்கிறார், இன்னொருவர் ஒரு நாள் ஆகும் என்கிறார்.
– வாசகி, மடுல்சீமை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சகோதரி.

கட்டுநாயக்கவிலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 420 கிலோமீற்றர். ஜெட் விமானத்தின் முழு வேகத்துக்கு அது அரை மணி நேர ஓட்டம். ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். கதவை மூடி ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, அங்கே போய் நிற்பது எல்லாம் அதற்குள் அடக்கம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

அந்த ஒரு நாள் மீதிப் பயணத்தில் இருக்கிறது. மடுல்சீமையில் பஸ் ஏறிப் பசறை வழியாகப் பதுளைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு ஆறேழு மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். திருச்சியில் இறங்கினால் கோவைக்கு ஐந்து மணி நேரமாவது பஸ். பிறகு மேட்டுப்பாளையம், மலைப்பாதை, கோத்தகிரி. கூட்டிப் பாருங்கள், இருபது மணி நேரத்தைத் தாண்டும். அம்மாவுக்குப் பிளேனில் தலை சுற்றுமோ என்று கவலை வேண்டாம். பெரகல வளைவுகளைத் தாங்கியவருக்கு வானம் ஒன்றும் செய்யாது. தேசிக்காயைப் பஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள்.

பாஸ்போட்டும் இந்திய விசாவும் முதல் வேலை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயருமாக இருப்பது நம் தோட்டங்களில் சாதாரணம். அப்படியிருந்தால் கல்யாணத் தேதிக்குக் காத்திராமல் இன்றே திருத்தத் தொடங்குங்கள்.

உங்கள் சின்ன அம்மாயி போன வழி வேறு. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்த டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்குப் போக ஆரம்பித்தது. மலையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் ‘ராமானுஜம்’ கப்பலுக்கு மாறி, அக்கரையில் மண்டபம் முகாம். அங்கிருந்துதான் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். போர் தொடங்கியபின் 1984இல் அந்தக் கப்பலும் நின்றது. 2023இல் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் விட்டார்கள். ஆனால் பதுளைக்காரருக்கு யாழ்ப்பாணம் வரை ஏறிப் போவதைவிடக் கட்டுநாயக்கதான் வசதி.

வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் திருச்சியையும் கோட்டால் இணைத்துப் பார்த்தேன். கோடு பாம்பனுக்கு மேலே, மண்டபத்தை ஒட்டிப் போகிறது. விமானப் பாதை அன்றன்றைக்குக் கொஞ்சம் விலகலாம். இருந்தாலும் அம்மாவை வலப்பக்க ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பகல் விமானமாக இருந்து மேகமும் இல்லையென்றால், கிளம்பி இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் ராமேஸ்வரம் தீவும் தனுஷ்கோடியின் மணல் முனையும் தெரியும்.