காவலாளி நிற்கும் இடம்

“ஆழ்மனத்தில் 90 சதவீத சக்தி தூங்குகிறது. எழுப்பிவிட்டால் நினைத்தது நடக்கும்.” கோவையில் மண்டபம் பிடித்து நடத்தும் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கூடவே பாதி மூழ்கிய பனிப்பாறைப் படம், அதன் கீழே உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் பெயர். பிராய்ட் வெளியிட்ட நூல்களில் அந்தப் பனிப்பாறையும் இல்லை, 90 என்ற கணக்கும் இல்லை.

முதல் உலகப்போர்க் காலத்தில் வியன்னா பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் அவர் சொன்ன உவமையே வேறு. பெரிய முன்கூடம் ஒன்று. அதை ஒட்டிச் சின்னதாக ஒரு வரவேற்பறை. இடையிலுள்ள நிலைவாசலில் ஒரு காவலாளி. முன்கூடத்தில் முண்டியடிப்பவை நனவிலி எண்ணங்கள், அதாவது ஆழ்மனத்தில் உள்ளவை. ஆகாதவற்றைக் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். வாசல் தாண்டியவையும் உடனே நனவுக்கு வந்துவிடுவதில்லை. அறைக்குள் இருக்கும் நனவின் கண்ணில் பட வேண்டும். அதுவரை அவை முன்நனவு.

ஆக, நனவிலி, முன்நனவு, நனவு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று தட்டுகள் என்பதும் தவறு. முன்நனவும் நனவும் ஒரே அறையில் இருப்பவை, தடுப்பு முன்கூடத்தோடுதான். ஒண்ணாம் வகுப்பு டீச்சரின் பெயர் இந்த நிமிடம் உங்கள் மனத்தில் இல்லை, கேட்டால் வந்துவிடும். அது முன்நனவு. நனவிலி கூப்பிட்டால் வராது. நாமே தாங்க மாட்டாமல் தள்ளிவைத்தது அது. கனவாக, வாய்தவறலாக, நோய்க்குறியாக உருமாறித்தான் வெளிவரும் என்றார் பிராய்ட். கண்ணாடி முன் நின்று கட்டளையிட்டால் மார்க் வாங்கித்தரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம்’ என்பாரும் உண்டு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922இல். பிராய்டுக்கே கடிதம் எழுதி மறுத்து வாதாடியவர் அவர்.

நம் வீடுகளுக்கு வருவோம். புதிதாகக் கல்யாணமான பெண் திடீரென்று விழுந்து கைகால் வெட்டுகிறாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் “நடிக்கறாளுங்க” என்பார்கள், மறுபக்கம் “காத்துக்கருப்பு புடிச்சிருக்குது” என்பார்கள். இரண்டுமே அவளுக்குச் செய்யும் அநியாயம். வியன்னா மருத்துவர் பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூல் இத்தகைய பெண்களைப் பற்றியதுதான். அதில் ‘அன்னா ஓ’ என்று மறைபெயரில் வரும் பெர்த்தா பாப்பன்ஹைம், பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவித் தலைமை ஏற்றவர். அவரை நடிப்புக்காரி என்று ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அடக்கிவைத்த ஆசைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கவில்லை. இத்தகைய வலிப்பு வரும் பலருக்குப் பின்னால் அதிர்ச்சியோ நீண்ட மனஉளைச்சலோ இருக்கும், எல்லோருக்கும் இருக்காது. ஆனால் அவர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை என்பதில் சந்தேகமில்லை. நிஜமான வலிப்பு நோய் உள்ளவருக்கே இதுவும் சேர்ந்து வரலாம். ஆகவே ஸ்கேனை மட்டும் நம்பக் கூடாது. வலிப்பு வரும் நேரத்தில் மூளையின் மின்னலைகளை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்து பார்ப்பதே தெளிவான வழி. கன்னத்தில் அறைவதும் மிளகாய்வற்றல் புகை போடுவதும் கொடுமை.

முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு மனநல மருத்துவரிடம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரமானால் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம்; கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.