பச்சையைப் பார்த்துக் கரிமத்தைக் கணக்கிட முடியுமா?

பேராவில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 எக்டர் பரப்புடையது. கோலா செப்பெத்தாங் கரிச்சூளைகளுக்கு மரம் தருவது இதுதான். இங்கே பக்காவ் மரங்களைப் பகுதி பகுதியாக வெட்டுகிறார்கள். வெட்டிய பகுதியில் அடுத்த வெட்டு 30 ஆண்டுகள் கழித்தே. அப்படியானால், இந்தக் காட்டில் சேரும் கரிமம் கூடுகிறதா, குறைகிறதா?

செயற்கைக்கோள் மரத்துக்குள் இருக்கும் கரிமத்தைப் பார்ப்பதில்லை, மாணவர்களே. லேண்ட்சாட் அளப்பது இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளியை. பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. அண்மை அகச்சிவப்புக் கதிரையோ இலை பெருமளவு திருப்பி அனுப்புகிறது. ஓரிடத்தில் அகச்சிவப்பு 50 விழுக்காடும் சிவப்பு 5 விழுக்காடும் திரும்பினால்:

(50 − 5) ÷ (50 + 5) = 0.82

இதுவே தாவரக் குறியீட்டெண். வெறும் மண்ணில் இது மிகவும் குறைந்துவிடும்.

சிக்கல் இங்கேதான். இலைகள் வானத்தை மூடியபின் இந்த எண் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். தண்டு மட்டும் பருத்துக்கொண்டே போகும். செம்பனைத் தோட்டமும் முதிர்ந்த காடும் இந்த எண்ணில் ஒன்றுபோலத் தெரியலாம். ஆகவே, ஒரே ஒரு படத்தை வைத்துக் கரிமத்தைச் சொல்பவரை நம்பிவிடாதீர்கள்.

பழைய படங்கள் கைகொடுக்கின்றன. லேண்ட்சாட் 1982 முதல் 30 மீட்டர் கட்டங்களாகப் படம் எடுத்து வருகிறது. அதாவது, மாத்தாங்கின் ஒரு முழு வெட்டுச் சுழற்சிக்கும் மேல். ஒரு கட்டத்தின் எண் 2005இல் சட்டென்று சரிந்து, பிறகு ஏறியிருந்தால், அங்கே 2005இல் வெட்டியிருக்கிறார்கள். 2025இல் அந்த மரங்களின் வயது ஏறத்தாழ 20. அதே வயதுள்ள மரங்களின் சுற்றளவைக் காட்டுக்குள் அளவுநாடாவால் அளந்து, உலர் எடையைக் கணக்கிடுவார்கள். அதில் ஏறக்குறையப் பாதி கரிமம்.

நம் நாட்டில் மேகம் பெரிய தொல்லை. லேண்ட்சாட் கோள் ஒன்று 16 நாளுக்கு ஒருமுறைதான் அதே இடத்துக்குத் திரும்பும். அன்றும் மேகம் மூடினால் படம் வீண். ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவும். மரத்தின் உயரத்தை அளக்க, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்திய கெடி என்னும் லேசர் கருவியும் உண்டு.

ஆனால், சதுப்புநிலக் காட்டில் பெரும்பங்கு கரிமம் மரத்தில் இல்லை, சேற்றில் இருக்கிறது. அதை எந்தக் கோளும் பார்க்காது. குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும். காட்டை அழித்து இறால் குளம் வெட்டினால், படம் காட்டுவது மரங்களின் இழப்பை மட்டும்தான்.