கரைந்து மறையும் நூல்

சென்ற கோடை விடுமுறையில் என் அன்னையாருக்கு வயிற்றில் ரணசிகிச்சை நடந்தது. "உள்தையலைப் பிரிக்க வேண்டியதில்லை, நூல் தானே கரைந்துவிடும்" என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் அம்மா என்னைக் கேட்டார்: "நீ இதைத்தானே படிக்கிறாய்? கரைந்த நூல் எங்கேடா போகும்?" அன்று நான் சொன்ன விடை அரைகுறை. நண்பர்களுக்காவது ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

முன்னாளில் ஆட்டுக் குடலிலிருந்து திரித்த நூலே இதற்குப் பயன்பட்டது. கிளைகாலிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த செயற்கை நூல் 1970-ஐ ஒட்டி வழக்கிற்கு வந்தது. பின்னர் அதனோடு லாக்டிக் அமிலத்தையும் சேர்த்தனர். இது நமக்குப் புதியதன்று. தயிரின் புளிப்பு இதுதான். ஓடிக் களைத்த தசையிலும் இது பிறக்கிறது. இச்சங்கிலியின் கண்ணிகளை வெட்டுவது உடம்பிலுள்ள தண்ணீரே. வெட்டுண்ட துண்டுகளில் ஒரு பகுதி சிறுநீரோடு போகும். மற்றதை உடல் உணவைப்போல் எரித்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். ஆக, அம்மாவின் நூலில் ஒரு பங்கு மூச்சுக் காற்றில் போயிருக்கிறது!

எத்தனை நாளில் கரையும் என்பதுதான் சிக்கல். இரண்டு அமிலங்களும் சரிபாதியானால் ஏறக்குறைய ஓரிரு மாதம். லாக்டிக் மட்டுமே கொண்ட ஒரு வகையோ இரண்டு ஆண்டுக்கு மேலும் உடலில் கிடக்கும்.

சரிபாதிக் கலவையில் சிறு வட்டுகள் செய்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் உப்புக் கரைசலில் இட்டேன். வாரந்தோறும் எடுத்து உலர்த்தி நிறுத்தேன். இரண்டு வாரம் எடை குறையவேயில்லை. "மாற்றமில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிப் பேராசிரியரிடம் காட்டியும்விட்டேன். மூன்றாம் வாரம் இடுக்கியால் தொட்டதும் வட்டு நொறுங்கிற்று. மேல்தோல் முழுதாயிருக்க, உள்ளே குழகுழவென்றிருந்தது. சங்கிலிகள் தொடக்கத்திலிருந்தே அறுந்துகொண்டிருந்தன. துண்டுகள் நீரில் கரையுமளவு சிறுக்கும்வரை எடை மட்டும் குறையவில்லை. மேற்பரப்பில் பிறந்த அமிலத்தைக் கரைசல் கழுவிவிட்டது. நடுவில் பிறந்ததோ வெளியேற வழியின்றித் தங்கி, அறுபடுவதை விரைவாக்கிற்று. எனவே தடித்த வட்டு மெல்லியதைவிட முந்தி உள்ளழிகிறது.

இது ஆய்வுக்கூட வேடிக்கையன்று. எலும்பை இணைக்கப் பூட்டிய திருகு, எலும்பு கூடுமுன் வலுவிழந்தால்? திசு வளர வைத்த பந்தல், கொடி ஏறுமுன் சரிந்தால்? இவ்வகைத் தையல் நூலும் மூன்று நான்கு வாரத்தில் பிடிப்பை இழந்துவிடும். முற்றும் மறைவது இரண்டு மாதம் கழித்தே. அதற்குள் காயம் கூடிவிடுவதால் குறை தெரிவதில்லை.

மருந்தை மெல்ல மெல்லக் கசியவிடவும் இப்பாலிமர்களே உதவுகின்றன. 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லியூப்ரோலைடு நுண்ணுருண்டைகள், புரோஸ்டேட் புற்றுநோய்க்கு நாள்தோறும் போட்ட ஊசியை மாதம் ஒன்றாக்கின. 1996-இல் அனுமதி பெற்ற மூளைக்கட்டி வில்லைகள் பாலி அன்ஹைட்ரைடு என்னும் வேறு இனம். சோப்புக்கட்டிபோல் மேலிருந்தே தேய்வன. அந்த ஒழுங்கைக் கண்டால் எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

இப்போது வட்டுகளை மெல்லியதாக வார்த்து, எடையோடு சங்கிலியின் நீளத்தையும் அளந்து வருகிறேன். குறிப்பேட்டில் "மாற்றமில்லை" என்ற வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் தேதியிட்டு, நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன்.