எண்ணெய் எஞ்சினின் வால்வு முறிவதேன்?

நெல் பொதிப்பருவத்தில் இருக்கையில், கிணற்றில் நீரிருந்தும் எஞ்சின் நின்றுபோனமையால் வயல் வெடித்துக் கிடந்த ஒரு குடியானவரிடம் சென்ற கோடையில் போயிருந்தேன். புகைபோக்கும் வால்வின் தலை முறிந்து விழுந்து பிஸ்டனையும் நொறுக்கிவிட்டது. “மட்டமான இரும்பு, ஐயா” என்றார் அவர். காம்பின் முறிந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவிக் காட்டினேன். அதில் முக்கால் பாகம் கருமையாகவும், கிளிஞ்சலின் மேலுள்ளவை போன்ற வரிகளோடும் இருந்தது. எஞ்சியது மட்டுமே வெளிறிச் சொரசொரப்பாயிருந்தது. வெளிறிய பாகம் அன்று முறிந்தது. கருத்ததோ நெடுநாளாகப் பிளந்து வந்தது.

ஒரே முறையில் முறிக்கவொண்ணாத சிறு பாரமும், லட்சக்கணக்கான தடவை ஏறியிறங்கினால் உலோகத்தை முறித்துவிடும். ரயில் வண்டியின் அச்சுகளைச் சோதித்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் 1870-க்குள் இதனை விளங்க வைத்தார். நிமிஷத்திற்கு 1,500 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு மணிக்கு 45,000 தடவை தன் ஆசனத்தில் வந்து மோதுகிறதென்பதை யோசித்துப் பார்க்கவும்.

இதனுடன் உஷ்ணமும் சேருகிறது. முழுப் பாரத்தில் ஓடும்போது அவ்வால்வின் தலை சுமார் 700 டிகிரி ஸென்டிகிரேடு வரை காய்வதுண்டு. அந்நிலையில் எஃகின் வலிமை குன்றும். பிராணவாயுவும் அதனை விரைந்து அரிக்கும். கொல்லன் பட்டறையில் சம்மட்டியடியில் உதிரும் கரிய செதிலே இவ்வரிப்பின் விளைவு. அச்செதில், தான் உண்டான இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இடம் கொள்ளும். ஆகவே நுண்ணிய பிளவினுள் அது ஆப்புப்போல் நின்று, பிளவு மீண்டும் பொருந்தவொட்டாமல் செய்கிறது. கஃப், ஸாப்வித் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் 1932-ல், சில உலோகங்கள் திறந்த காற்றிலும் வெற்றிடத்தில் அதிகம் தாங்குவதைச் சோதித்துக் கண்டனர். வால்வு எஃகில் குரோமியம் கலப்பதும் இதற்காகவே. அது மேலே மெல்லிய படலமாகி அரிப்பைத் தடுக்கிறது.

ஆயின் மேற்படி குடியானவரின் வால்வு அவ்வளவு காய்ந்ததேன்? தலையில் ஏறும் உஷ்ணத்தில் சுமார் முக்கால் பங்கு, மூடியிருக்கும்போது ஆசனத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். சத்தம் கேட்கிறதென்று எவரோ ஒரு மிஸ்திரி வால்வின் இடைவெளியை முற்றிலும் அடைத்துவிட்டாராம். எஞ்சின் சூடேறிக் காம்பு நீண்டதும் வால்வு சரியாக மூடாது. தணலொத்த புகை சந்தில் பீறிக்கொண்டே இருக்கும். சிறு சத்தத்தைப் பொறுத்திருந்தால் வால்வு பிழைத்திருக்கும்.

இடைவெளியைத் தயாரிப்பாளர் குறித்த அளவுத் தகட்டினால், அவர் சொன்ன நிலையில், மாதமொருமுறை பார்க்கவும். நிறுத்துமுன் சில நிமிஷம் பாரமின்றி ஓடவிடவும். நீர் வற்றிக் கொதித்த எஞ்சினில் குளிர்நீரை உடனே ஊற்றலாகாது. வளைந்த அல்லது கீறல் கண்ட வால்வைப் பற்றவைத்து மீண்டும் மாட்டுவதும் ஆகாது.

அவருக்குப் புது வால்வும் பிஸ்டனும் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆயின. மேட்டுப்பக்கத்து வயல் பதராயிற்று.