பசையை வெல்வோம், காந்தத்தைக் காப்போம்

ஊவா மலைகளுக்கு மழையைப் பெருமளவில் கொண்டுவருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சி. அம்மாதங்களில் ஸ்பிரிங்வெளிச் சரிவுகளில் போஞ்சியும் கோவாவும் பிழைக்க வேண்டுமானால், ஓடைத் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். அதற்குச் சிறிய பெற்றோல் பம்பு பெரிய துணை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவு காட்டியதுபோல, வீடும் உடைமையும் ஒரே காலையில் போய்விடலாம். இடம்பெயர்ந்த குடும்பத்தின் கையில் எஞ்சும் ஒரு கருவி மிகப் பெறுமதியானது. அதை அவசரத்தில் நாமே உடைத்துவிடக் கூடாது. இதுவே இப்பாடத்தின் நோக்கம்.

காந்தம் ஏன் இருக்கிறது?

பம்பு எஞ்சினின் பக்கத்தில் கனமான ஒரு சில்லு உண்டு. அதைப் பிளைவீல் என்கிறோம். அதன் ஓரத்தில் சிறிய காந்தம் பதிந்திருக்கும். சில்லு சுழலும்போது காந்தம் கொயிலைக் கடந்து செல்கிறது. கொயிலில் மின்சாரம் பிறக்கிறது. பிளக்கில் தீப்பொறி விழுகிறது. பெட்டரி இல்லாமலே எஞ்சின் ஓடுவது இதனால்தான். நகரும் காந்தம் மின்சாரம் தரும் என்பதை மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்தார்.

முதலில் கவனிக்க வேண்டியவை

தீப்பொறி வரவில்லை என்றதும் காந்தத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் பிளக்கையும் வயரையும் பாருங்கள். காந்தம் வெடித்திருந்தால் அல்லது ஆடினால் மட்டுமே கழற்றுங்கள். பழுதான சில்லிலிருந்து நல்ல காந்தத்தை எடுக்கவும் இம்முறை உதவும்.

சில எஞ்சின்களில் காந்தம் உலோகத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. சிலவற்றில் திருகாணி இருக்கும். பசையால் ஒட்டியதற்கே கீழ்வரும் முறை பொருந்தும்.

காந்தத்தின் வகையையும் அறிய வேண்டும். கறுப்பாக, ஓடுபோல் இருப்பது பெரைட். அது கொதிநீரைத் தாங்கும், அடியைத் தாங்காது. வெள்ளிபோல் மினுங்கி, அளவுக்கு மிஞ்சிய இழுவை உள்ளது நியோடிமியம். அதில் சாதாரண வகை சுமார் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும்.

கழற்றும் முறை

1. காந்தத்தின் மேற்பக்கத்திலும் சில்லிலும் பெயின்றால் அடையாளம் இடுங்கள். வடமுனையும் தென்முனையும் மாறிவிட்டால் தீப்பொறி சரியாக வராது.

2. சில்லில் பொருத்திய பிளாஸ்டிக் விசிறியைக் கழற்றுங்கள். பெற்றோலையும் எண்ணெயையும் நன்றாகத் துடையுங்கள்.

3. பெரைட்டானால், சில்லைக் குளிர்ந்த நீரில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். கொதித்தபின் கால் மணி நேரம் விடுங்கள். மலையில் நீர் 100 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே கொதிக்கும். பல பசைகள் இளகுவதற்கு அது போதும். சூடான காந்தத்தைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும்.

4. நியோடிமியமானால் கொதிக்க விட வேண்டாம். அசெற்றோனில் ஊற வையுங்கள். சூப்பர் குளூ இதில் இளகும். இரண்டு டியூப் கலந்து பூசும் பசை மிக மெதுவாகவே இளகும். மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஓரிரவு விடுங்கள். அசெற்றோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஆகவே லயக் காம்பராவின் அடுப்படியில் இவ்வேலை கூடாது. வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

5. பசை இளகியதும், பின்புறம் துளை இருந்தால் மரக்குச்சியால் தள்ளுங்கள். இல்லாவிட்டால் மூங்கில் சிம்பை இடுக்கில் செலுத்தி, பக்கவாட்டில் நகர்த்துங்கள். இரும்பிலிருந்து காந்தத்தை நேரே இழுப்பதைவிடச் சறுக்கி எடுப்பது எளிது.

அப்படியும் அசையாவிட்டால், வெப்பம் தாங்கும் பசை பூசப்பட்டிருக்கலாம். சுத்தியலையும் நெருப்புச் சுவாலையையும் நாடாமல், பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மீண்டும் ஒட்டும்போது

பழைய பசையையும் துருவையும் அரத்தாளால் தேய்த்து, இரும்புத் தூளை ஒட்டுநாடாவால் எடுத்துவிடுங்கள். சூடும் அதிர்வும் தாங்கும் இரட்டைப் பசையையே பாவியுங்கள். உறையில் குறித்த நேரம் முழுவதும் காய விடுங்கள். இச்சில்லு நிமிடத்திற்கு 3000 சுற்றுக்கு மேலும் சுழலும். அரைகுறையாக ஒட்டிய காந்தம் தெறித்தால் கண்ணோ உயிரோ போகலாம். மூடியைப் பூட்டாமல் எஞ்சினை இயக்கவே கூடாது. வெடித்த காந்தத்தை மீண்டும் ஒட்ட வேண்டாம்.

கழற்றிய காந்தங்களைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளை இரண்டு காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் இரு பக்கமிருந்து ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். வயிற்றுவலி வரும்வரை காத்திராமல் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வலிமையால் அடித்துக் கழற்றுகிறவன் பசையோடு காந்தத்தையும் இழக்கிறான். எது பிடித்திருக்கிறது என்று அறிந்து, அதை மட்டும் இளக்குகிறவனின் தோட்டத்திற்குத் தண்ணீர் தொடர்ந்து பாயும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குழுவின் பம்பில் காந்தம் எவ்வகையில் பொருத்தப்பட்டிருக்கிறது?

2. பம்பு பழுதானால் இப்போது யாரிடம் கொண்டு போகிறோம்? எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் இருக்கிறோம்?

3. பெண்களும் இளைஞர்களும் உட்பட யார் யார் இவ்வேலையைப் பழகலாம்? குழுவுக்குப் பொதுவாக எந்தக் கருவிகளை வாங்கி வைக்கலாம்?